தோள் வலி என்றாலே 'வாயு'தானா?

ஆபத்தில் ஒருவர் உதவினால் 'தோள் கொடுத்தார்' என்கிறோம். குடும்பப் பாரத்தை ஏற்றால் 'தோளில் சுமக்கிறார்' என்கிறோம். பேச்சில் இவ்வளவு மரியாதை கொடுக்கிற தோளுக்கு, அது வலிக்கும்போது மட்டும் நாம் கொடுப்பது ஒரே ஒரு வார்த்தை... 'வாயு'!

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கிற எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடக்க முடியாது. "தோள்ல வாயு பிடிச்சிருக்குங்க அய்யா. கையத் தூக்க முடியல. எண்ணெய் போட்டு நல்லா உருவி விட்டீங்கன்னா சரியாப் போயிடும்." நோயாளியே நோயைச் சொல்லி, வைத்தியத்தையும் சொல்லி, சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிடுகிறார்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோளில் வருகிற வலி ஒரு நோய் அல்ல, குறைந்தது ஐந்தாறு நோய்கள். அவற்றில் சிலவற்றுக்கு எண்ணெயும் உருவுதலும் நல்ல மருந்து. சிலவற்றுக்கு அது வெறும் காலவிரயம். இன்னும் சிலவற்றுக்கு அது கெடுதல். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் தோளில் கை வைக்கிறவர், அவர் சித்த மருத்துவரோ, பரம்பரை வைத்தியரோ, சுளுக்கு எடுக்கிற பெரியவரோ, யாராக இருந்தாலும் தவறுதான் செய்கிறார். பிரித்துப் பார்க்க வேண்டுமானால், தோளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வைத்தியருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்!

கரண்டியில் எலுமிச்சம்பழம்

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடியிருப்பீர்கள். தோள் மூட்டு கிட்டத்தட்ட அப்படித்தான் அமைந்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை ஒரு பெரிய பந்து. அதைத் தாங்குகிற குழியோ சின்னது, ஆழமில்லாதது. எந்த நேரத்திலும் பந்தின் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் குழியோடு ஒட்டியிருக்கிறது.

இடுப்பு மூட்டைப் பாருங்கள். அங்கே பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இடுப்பு லேசில் நழுவாது. ஆனால், காலை எல்லாப் பக்கமும் சுழற்றவும் முடியாது. தோளை நம் இஷ்டத்துக்குச் சுழற்றலாம். தலைக்கு மேல் தூக்கலாம், முதுகைச் சொறியலாம், கிணற்றில் இறைக்கலாம், கவண்கல் எறியலாம். இந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுத்திருக்கிற விலை, எலும்பின் பாதுகாப்பு.

எலும்பு பிடித்துக்கொள்ளவில்லை என்றால், பழம் கரண்டியிலிருந்து கீழே விழாமல் எது காப்பாற்றுகிறது? சவ்வும் நார்களும் கொஞ்சம் உதவுகின்றன. மற்றபடி, கை அசைகிற ஒவ்வொரு நொடியும் காவல் நிற்பவை தசைகள்தான். தோள் என்பது எலும்பு மூட்டு என்பதைவிட, தசைகளின் மூட்டு என்பதே சரி. இந்த ஒரு விஷயம் மனசில் நின்றால் போதும், மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

மூன்று அடுக்குக் காவல்

முதல் அடுக்கு, வெளியே தெரிகிற தசை. தோளின் மேல் தொப்பி கவிழ்த்தது போல உருண்டையாக இருக்கிறதே, அதற்கு டெல்டாய்டு என்று பெயர். கிரேக்க எழுத்தான 'டெல்டா' முக்கோண வடிவம். இந்தத் தசையும் முக்கோணம், அதனால் அந்தப் பெயர். கொரோனா தடுப்பூசி போட்டார்களே, அந்த இடம்தான். முன், நடு, பின் என்று இதற்கு மூன்று பாகம். முன்பாகம் கையை முன்னால் தூக்கும், நடுப்பாகம் பக்கவாட்டில் தூக்கும், பின்பாகம் கையைப் பின்னால் இழுக்கும். பயில்வான்கள் காட்டிப் பெருமைப்படுவது இதைத்தான்.

இரண்டாவது அடுக்கு, வெளியே தெரியாதது. யாரும் பெருமைப்படாதது. ஆனால், தோளின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்று நான்கு சின்னத் தசைகள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதுகில் முக்கோணத் தகடு மாதிரி இருக்கிற தோள்பட்டை எலும்பிலிருந்து இவை புறப்பட்டு, முன்னும் பின்னும் மேலுமாக வந்து, மேற்கை எலும்பின் பந்தைப் பிடித்துக்கொள்கின்றன. முழுக்கைச் சட்டையின் பட்டை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கிறதல்லவா, அதுபோல. அதனால்தான் இதற்கு 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர்.

இவற்றின் வேலை என்ன? டெல்டாய்டு கையைத் தூக்கும்போது, பந்தையும் சேர்த்து மேலே இழுக்கும். அப்படியே விட்டால் பந்து மேலே உள்ள எலும்புக் கூரையில் முட்டிக்கொள்ளும். இந்த நாலு பேரும் பந்தைக் குழியோடு அழுத்திப் பிடித்து, 'நீ இங்கேயே சுத்து' என்று நிறுத்துகிறார்கள். பெரிய தசை தூக்குகிறது, சின்னத் தசைகள் வழிநடத்துகின்றன. தேர் இழுக்க ஊரே கூடினாலும், முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர் சரியில்லை என்றால் தேர் என்ன ஆகும்? அதே கதைதான்!

மூன்றாவது அடுக்கு, தோள்பட்டை எலும்பையே பிடித்திருக்கிற தசைகள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் கை முழுவதும் உடம்போடு எலும்பால் இணைந்திருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிற காறை எலும்பு, நடுமார்பு எலும்பைத் தொடுகிற இடம். முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு விலா எலும்போடு ஒட்டவே இல்லை. தசைகளில் மிதக்கிறது. நாம் துண்டு போடுகிறோமே, அந்த இடத்தில் பரந்திருக்கிற ட்ரபீசியஸ் தசை அதை மேலிருந்து பிடிக்கிறது. விலாப் பக்கத்திலிருந்து ரம்பப் பல் போன்ற இன்னொரு தசை அதை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. முதுகெலும்பிலிருந்து வருகிற தசைகள் பின்னால் இழுக்கின்றன.

இப்போது ஒரு சோதனை. பக்கத்தில் இருப்பவரை நிறுத்தி, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியில் உங்கள் விரலை வையுங்கள். அவரைக் கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். முதலில் எலும்பு அவ்வளவாக அசையாது. கொஞ்சம் போனதும் அதுவும் சுழன்று வெளியே வரும். கை தலைக்கு மேல் போக மொத்தம் 180 டிகிரி. அதில் ஏறக்குறைய 120 டிகிரி பந்து மூட்டில் நடக்கிறது, 60 டிகிரி இந்தத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. இரண்டும் தாளம் தப்பாமல் சேர்ந்து நடக்க வேண்டும். தாளம் தப்பினால் வலி!

நம் ஊர் வேலையும் நம் ஊர்த் தோளும்

இந்த மூன்று அடுக்கையும் கள்ளக்குறிச்சி வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள், யாருக்கு எங்கே வலிக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகிற கரும்பை வெட்டுகிறவர் ஒரு நாளில் எத்தனை தடவை கொடுவாளை ஓங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வெட்டியது போதாதென்று கட்டைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாய்த்து வைத்த பலகையில் ஏறி லாரியில் போட வேண்டும். கை தலைக்கு மேலேயே நிற்பதால், கூரைக்குக் கீழே ஓடுகிற சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் நசுங்கி நசுங்கித் தேய்கிறது.

2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால், அந்தச் சிற்பி தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் உளி, ஒரு கையில் கொட்டாப்புளியோடு, குனிந்தே மணிக்கணக்கில் தட்டுகிறார். அவருக்கு வலிப்பது பந்து மூட்டு அல்ல. கழுத்துக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே இருக்கிற மூன்றாவது அடுக்கு.

மேலே கல்வராயன் மலைக்குப் போனால் மரவள்ளி. செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்து வெடுக்கென்று இழுத்தால்தான் கிழங்கு வரும். அப்புறம் மூட்டை. கடுக்காய் பொறுக்கினாலும் மூட்டை. விறகானாலும் சுமைதான். சாலை சரியாக எட்டாத குக்கிராமத்தில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவதும் இதே தோள்கள்தான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது என்றால், அந்த ஊர்களின் பாடு எப்படி என்று புரிந்துகொள்ளலாம். பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் ஊர் கூடித் தூக்கி வரும். தோள் வலிக்கு யார் தூக்கி வருவார்கள்? அவர் வலியோடே வேலை செய்கிறார். தூக்கவே முடியாமல் போன பிறகுதான் கீழே இறங்கி வருகிறார்.

ஒரு 'வாயு', பல நோய்

இனி பிரித்துப் பார்ப்போம். இது நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை அல்ல. ஆனால், உங்களைப் பார்க்கிற வைத்தியர் இதையெல்லாம் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள உதவும்.

பிடிப்பு: கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கெட்டியாக, கயிறு முறுக்கினது போல வலி. கை எல்லாப் பக்கமும் போகிறது. சுமை, குனிந்து வேலை, தப்பான தலையணை, இப்போது செல்போன். இதற்கு ஒற்றடமும் எண்ணெயும் உருவுதலும் உண்மையிலேயே சுகம் தரும். 'வாயு' என்று வருகிறவர்களில் நல்ல பங்கு இவர்கள்தான். உருவிவிட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை ஊரில் வேரூன்றியதும் இவர்களால்தான்.

கழுத்து நரம்பு: வலி தோளில் நிற்காமல் முழங்கையைத் தாண்டி விரல் வரை மின்சாரம் போல ஓடும். மரத்துப்போகும். கோளாறு தோளில் இல்லை, கழுத்தில். தோளை எவ்வளவு உருவினாலும் பயனில்லை.

தசைநாண் உரசல்: கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஆரம்பத்தில் வலி இல்லை. ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை சுரீர் என்கிறது. அதைத் தாண்டினால் குறைகிறது. அந்தப் பக்கம் படுத்தால் இரவில் தூக்கம் போகிறது. இது இரண்டாவது அடுக்கின் கூக்குரல். தலைக்கு மேல் கை போகிற வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, முறையான பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

தசைநாண் கிழிவு: இதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. கரும்பு லாரியிலிருந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்த ஒரு தொழிலாளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து மாதமாக ஓரிடத்தில் உருவிக்கொண்டிருந்தார். "வாரா வாரம் போறேன். அன்னிக்கு ராத்திரி நல்லா இருக்குது, மறுநாள் கை தூக்க வரல" என்றார். அவரைத் தூக்கச் சொன்னால் கை வரவில்லை. நான் தூக்கினால் தலைக்கு மேல் வரை தாராளமாகப் போனது. பிடியை விட்டதும் பொத்தென்று விழுந்தது. முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் கை வைத்துப் பார்த்தால், தசை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்! எலும்பு நிபுணரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் கிழிவு தெரிந்தது. விழுந்து அறுந்த தசைநாணைச் சில வாரங்களுக்குள் தைத்தால் நன்றாகச் சேரும். மாதக்கணக்கில் விட்டால் அறுந்த முனை பின்வாங்கி, தசை மெலிந்து, கொழுப்பாக மாறிவிடும். அப்புறம் தைத்தாலும் பழைய பலம் வருவது கஷ்டம். அவருடைய ஐந்து மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? கொடுவாள் பிடிக்கிறவருக்குத் தோள்தானே சொத்து!

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு வலியே இல்லாமல் இந்தத் தசைநாண் கொஞ்சம் கிழிந்திருக்கும். ஸ்கேனில் கிழிவு என்று எழுதியிருக்கிறது என்பதற்காகவே எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆளைப் பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கும்பவாதம்: யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாக வகுத்தார். அதில் ஒன்று கும்பவாதம். ஆங்கில மருத்துவத்தில் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பதோடு இதை ஒப்பிடுகிறோம். அந்த ஆங்கிலப் பெயரை 1934-ல் வைத்தவர் அமெரிக்காவில் இருந்த எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கையைப் பூட்டிவிடுகிறது. நோயாளியாலும் தூக்க முடியாது, வைத்தியர் தூக்கினாலும் போகாது. கிழிவுக்கும் இதற்கும் இதுதான் வித்தியாசம். நாற்பதிலிருந்து அறுபது வயது, பெண்களுக்கு ஜாஸ்தி. "தலை பின்ன முடியல, ரவிக்கை கொக்கி மாட்ட முடியல" என்று வருவார்கள்.

இவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி தோளைப் பற்றியது அல்ல. "ஷுகர் பார்த்தீங்களாம்மா?" பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருகிற இந்த நோய், சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தோள் பூட்டிக்கொண்டதால் ரத்தம் சோதித்து, அப்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரியவருகிறவர்களும் உண்டு. தைராய்டு கோளாறையும் பார்க்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் தோளுக்கு மட்டும் எண்ணெய் போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போல!

மூட்டு நழுவல்: கபடியில் பிடிபட்டோ, பைக்கிலிருந்து விழுந்தோ, எலுமிச்சம்பழம் கரண்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலும் முன்பக்கமாக. தோளின் உருண்டை போய் சதுரமாகத் தெரியும். உடனே யாராவது ஒருவர் அக்குளில் காலை வைத்து இழுப்பார். தயவுசெய்து வேண்டாம்! எலும்பு உடைந்திருந்தால் அது இன்னும் விலகும். டெல்டாய்டுக்குப் போகிற நரம்பு மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றித்தான் போகிறது. அது அடிபட்டால் கை தூக்குகிற பலமே போய்விடும். எக்ஸ்ரே எடுத்து, நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டை உள்ளே தள்ள வேண்டும்.

தோளே இல்லாத தோள் வலி: இடது தோளில் வலி, மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அது இதயமாக இருக்கலாம். 'வாயு' என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். பித்தப்பையில் கோளாறு இருந்தால் வலது தோளில் வலிக்கும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, வீக்கம் இருந்தாலும் தாமதம் கூடாது.

உருவுதல் குற்றமா?

"அப்படின்னா நம்ம வைத்தியமே தப்புங்கறீங்களா அய்யா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நம் வைத்தியத்தை ஒரே ஒரு வேலையாகச் சுருக்கிவிட்டதுதான் தப்பு.

நம் நூல்கள் தொக்கணத்தை ஒன்பது வகையாகச் சொல்கின்றன. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். எல்லோருக்கும் எல்லாம் செய்வதென்றால் ஒன்பதாக எதற்குப் பிரிக்க வேண்டும்? யாருக்கு எது, எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பதற்காகத்தானே! பிடிப்புக்கு அழுத்தலும் பிடித்தலும் ஒத்துப்போகும். பூட்டிக்கொண்ட தோளுக்கு, வலி அடங்கிய பிறகு, மெதுவான அசைத்தல். முரட்டு முறுக்கல் எந்தத் தோளுக்கும் கூடாது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு வாத நோய்ப் பாடத்துக்கு முன்னாலேயே உடற்கூறு பாடம் வைத்திருந்தார்கள். அந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒற்றடத்துக்கு நொச்சி, வாதநாராயணன், ஆமணக்கு இலைகள் நல்லவை. வதக்கித் துணியில் முடிந்து ஒற்றலாம். உளுந்துத் தைலம் போன்றவற்றை வெதுவெதுப்பாக்கித் தடவலாம். ஆனால், சர்க்கரை நோயாளிக்குச் சூடு தெரியாமல் போகலாம். வீட்டில் வேறொருவர் தன் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே ஒற்ற வேண்டும். தோல் வெந்து புண்ணானால் தோள் வலியைவிடப் பெரிய தொல்லை. விழுந்து அடிபட்ட முதல் ஓரிரு நாள் சூடும் வேண்டாம், உருவுவதும் வேண்டாம்.

உள்மருந்தின் பெயர் எதையும் நான் இங்கே எழுதவில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். பஸ் ஸ்டாண்டில் பெயர் ஒட்டாத டப்பாவில் விற்கிற 'வாத சூரணம்' இரண்டே நாளில் வலியை நிறுத்தினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி நிற்கும், சர்க்கரை ஏறும்!

கட்டித் தொங்கவிடுவதும் தப்பு

உருவுவதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் நடக்கிறது. வலிக்கிறது என்று கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, மாதக்கணக்கில் அசைக்காமலே இருப்பது. எலும்பு முறிவு, மூட்டு நழுவல், ஆபரேஷன் என்றால் மருத்துவர் சொன்ன நாள் வரை கட்டு அவசியம். மற்ற வலிகளுக்கு அசையாத ஓய்வு விஷம். தசையால் நிற்கிற மூட்டு அல்லவா? தசை சோம்பினால் மூட்டு இறுகும்.

மருத்துவர் பார்த்து, கிழிவோ முறிவோ நழுவலோ இல்லை என்று சொன்ன பிறகு, வீட்டில் செய்ய நாலு பயிற்சி:

● சொம்பு ஊஞ்சல்: நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கிற கையில் பாதித் தண்ணீர் உள்ள சின்னச் சொம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்தே கையை முன்னும் பின்னும், வட்டமாகவும் ஆடவிடுங்கள். காட்மன் சொன்ன பயிற்சி இது.

● சுவர் ஏறுதல்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சிலந்தி போல மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் கரியால் கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உயரும்.

● கப்பிக் கயிறு: கிணற்றுக் கப்பியோ, விட்டத்தில் மாட்டிய கப்பியோ. கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து, நல்ல கையால் இழுத்து மற்ற கையை மேலே ஏற்றுங்கள்.

● முழங்கை ஒட்டிய தள்ளல்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையால் சுவரைப் பத்து எண்ணும் வரை தள்ளுங்கள். கை அசையக் கூடாது. ஒளிந்திருக்கிற இரண்டாவது அடுக்குக்கு இதுதான் சாப்பாடு.

ஒவ்வொன்றும் பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை. லேசான வலி பரவாயில்லை. பல்லைக் கடிக்கிற வலி கூடாது. கும்பவாதம் அடங்க ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரைகூட ஆகலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப நாட்களில் வலி தாங்காதவர்களுக்கு எலும்பு மருத்துவர் மூட்டில் போடுகிற ஊசி, கொஞ்ச காலத்துக்கு நல்ல பலன் தருவதுண்டு. அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதில் சித்த மருத்துவனான எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று கவனமாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எலும்பு மருத்துவரைப் பார்க்க விழுப்புரமும் சேலமும் ஓடின காலம் மாறியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆக, கருவிகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

தோள் வலி என்று வருகிற நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும், எந்த வைத்தியரிடம் வந்தாலும், முதல் நாளே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். விழுந்த பிறகு கை தூக்க வராதவரை அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்று வாரம் உருவியும் முன்னேற்றம் இல்லையென்றால், நாலாவது வாரமும் உருவக் கூடாது. சித்தப் பிரிவிலிருந்து எலும்புப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதுவது கௌரவக் குறைச்சல் அல்ல. எலும்புப் பிரிவிலிருந்து ஒற்றடத்துக்கும் தொக்கணத்துக்கும் சித்தப் பிரிவுக்கு அனுப்புவதும் அப்படித்தான்.

மலைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். வெள்ளிமலையிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் வைத்தியம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வாரத்துக்கு மூன்று நாள் மசாஜுக்கு வா என்பது அவருக்கு நடக்காத காரியம். அவருக்குப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால், சொம்பும் சுவரும் மலையிலும் இருக்கின்றன!

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஆள் தூக்குகிற மூட்டை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை 40 கிலோ. ஆனால், வியாபாரத்தில் 75 கிலோ மூட்டை இன்னும் புழங்குகிறது. 75 கிலோவை ஓர் ஆள் முதுகில் ஏற்றிவிட்டு, அப்புறம் அவருக்கு வாயு பிடித்திருக்கிறது என்று சொல்வது நியாயமா? கிழங்கு மூட்டை, கடுக்காய் மூட்டை, நெல் மூட்டை எதுவானாலும் கொஞ்சம் சின்னதாகக் கட்டினால் வியாபாரி நஷ்டப்பட்டுவிட மாட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் தோள் வலிக்கிறதா? கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், ரத்தத்தைச் சோதியுங்கள், படித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். எண்ணெய்ப் புட்டி எங்கேயும் ஓடிப்போகாது. என்ன நோய் என்று தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.